பின்தடி பிடித்த ஞாயிறுகள்

என் மனைவியும் மகளும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பின்னறையில் விசாவுக்குக் காத்திருந்த வருடம், நான் டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு கல்லூரியின் அமெரிக்கப் புட்போல் அணிக்குச் சங்கிலி பிடித்தேன். இரும்புச் சங்கிலி. பத்து யார் நீளம், ஏறத்தாழ ஒன்பது மீற்றர். இரண்டு முனையிலும் செம்மஞ்சள் பூசிய தடிகள், என் நெஞ்சளவு உயரம். வளையங்கள் இருநூற்றுப் பதினாறு. ஒரு மழைநாள் இடைவேளையில் எண்ணினேன். ஒரு கிழமை கழித்துச் சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினேன்.

எண்ணுவது தொழிலால் வந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். பழக்கம் முதலில் இருந்தது. கணித ஆசிரியர் உத்தியோகம் பிறகுதான் வந்தது. இப்போது எனக்கு எழுபத்தெட்டு வயது. மேலே உள்ள ஒரு பந்தியை எழுதுவதற்குள் அடுப்பை நிறுத்தினேனா என்று இரண்டு தரம் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன். நிறுத்தித்தான் இருந்தது.

நான் தனியே வந்தவன். அகதியாக இடம் கிடைத்த பின் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்பதுதான் எல்லாருடைய கணக்கும். சட்டமும் அப்படித்தான் சொன்னது. ஆனால் எங்கள் தமிழ் ஆட்களின் குடும்ப விண்ணப்பங்களை மட்டும் மேலிடத்தில் ஓரமாக வைத்துவிட்டார்கள். அது பிழையென்று பிறகு விசாரணை நடந்து, ஓர் அரசாங்கமே பதவி விலகியது. அது இங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்தது வேறு. என்னோடு டெனிஷ் வகுப்பில் இருந்த வேறு நாட்டுக்காரன் ஒருவனுக்கு மனைவி வந்து, பிள்ளையும் பிறந்து, அந்தப் பிள்ளை தவழவும் தொடங்கிவிட்டது. எனக்கு ஒரு பதிலும் இல்லை. மகளை நான் விட்டுவந்தபோது அவளுக்கு நாலு வயது. ஏழாகிக்கொண்டிருந்தது.

நான் சொல்கிற வருடத்தில் கோப்புகள் மறுபடி மெல்ல அசையத் தொடங்கியிருந்தன. அதனால் காத்திருப்பு இன்னும் மோசமாகியது. ஒன்றும் நடக்காது என்று தெரிந்தால் மனிதன் படுத்து நித்திரை கொள்ளலாம். இன்றைக்கு வருமோ என்று இருக்கும்போது அது முடியாது.

பின்னேரங்களில் அந்தக் கல்லூரியில் துப்புரவு வேலை. உடைமாற்றும் அறையும் என் பங்கில் இருந்தது. ஏப்ரல் மாதம் அங்கே திடீரென்று சேறு கூடியது. பொறியியல் படிக்கும் மாணவர் இருபத்தாறு பேர், ஓர் அமெரிக்க ஆசிரியரைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டு, இந்த விளையாட்டை விளையாடத் தொடங்கியிருந்தார்கள். ஆட்கள் இருபத்தாறு, தோள்கவசம் பதினைந்து. மீதி இன்னும் கப்பலில் வந்துகொண்டிருந்தது. அதனால் மைதானத்தை விட்டு வெளியே வருபவன் கவசத்தைக் கழற்றி, உள்ளே போகிறவனுக்குக் கொடுப்பான். பார்க்க யாரோ சட்டையைக் கடன் கேட்பது போல இருக்கும்.

அணித் தலைவன் ஒரு பன்றிப் பண்ணைக்காரரின் மகன். ஆறடி மூன்றங்குலம். நான் கதிரைகளை அடுக்கும்போது உதடு அசைய எண்ணுவதை அவன் எத்தனையோ நாள் கவனித்திருக்கிறான் போல. ஒருநாள் வாளியைத் தாண்டி வந்து, ஆங்கிலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். மட்ச் நடக்கும்போது நான் கத்துவேனா என்று கேட்டான். நான் எதற்காகக் கத்த வேண்டும் என்றேன். அப்படியானால் நான்தான் ஆள் என்றான்.

விசயம் இதுதான். சங்கிலி பிடிப்பவர்களைச் சொந்த ஊர் அணிதான் கொடுக்க வேண்டும். ஆனால் அவர்கள் சொந்த அணிக்காகக் கைதட்டவோ கத்தவோ கூடாது. மைதானக் கரையில், ஆட்டத்துக்கு ஓர் அடி தள்ளி, கல்லுப்போல நிற்க வேண்டும். விளையாடாத மாணவர்கள் எல்லாரும் பியர் குடித்துக் கத்துகிறவர்கள். கத்தாத ஆள் அந்த ஊரில் நானாகத்தான் இருந்தேன்.

விளையாட்டை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். பந்து உங்களிடம் இருந்தால், நாலு முயற்சிக்குள் அதைப் பத்து யார் முன்னே கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால் இன்னும் நாலு முயற்சி கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து மற்றவர்களுக்கு. தொடங்கிய இடத்தில் பின்தடி நிற்கும், போய்ச்சேர வேண்டிய இடத்தில் முன்தடி. பின்தடி என்னுடையது. முன்தடியை முதலாம் வருடத்து மாணவன் ஒருவன் பிடித்தான். கண்ணாடி போட்ட, பதற்றக்காரப் பிள்ளை. என் தடி அசைந்தால்தான் அவன் தன் தடியை அசைக்க வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. பெரிய கழகங்களின் சங்கிலியில் நடுவே, மைதானக் கோடு ஒன்றுக்கு நேரே அடையாளமாக மாட்டிவைக்க, ஒரு கொழுவி இருக்கும். தடி விழுந்தாலும் இடம் தொலையாது. எங்களுடையது கல்லூரிப் பட்டறையில் மாணவர்களே ஒட்டிச் செய்தது. அதில் கொழுவி இல்லை.

என்னோடு ஒரே அறையில் இருந்த தம்பி பன்றி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தான். பருத்தித்துறைப் பக்கத்துப் பிள்ளை. நான் முதல் ஞாயிறு வெளிக்கிட்டபோது கட்டிலில் படுத்தபடி கேட்டான்.

"மாஸ்டர், எங்கை போறியள்?"

"மட்ச் ஒண்டுக்கு. தடி பிடிக்க."

"ஊரிலை பள்ளிக்கூடத்திலை பிடிச்சது காணாதே?"

அவன் அதைப் பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டான். ஹொல்ஸ்டெப்ரோவில் அப்போது எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒருவரையொருவர் அறிவோம். ஆண்கள் பலர் என்னைப்போலவே மனைவியை விட்டுவந்தவர்கள். ஞாயிறுகளில் அவர்கள் யாருடைய அறையிலாவது கூடி, யாருக்குக் கடிதம் வந்தது, யாருக்கு வரவில்லை என்று கதைப்பார்கள். அங்கே போகாமல் நான் மைதானத்துக்குப் போனேன் என்பது எல்லாருக்கும் தெரியும். குளிர் பழக நல்லது, ஆள் வெளியில் நிற்கிறார் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். பின்னால் என்ன சொன்னார்கள் என்று தம்பி எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உண்மையில் நான் குளிர் பழகப் போகவில்லை. எனக்கு அது பிடித்தது. அந்தச் சொல்லை எழுதவே கை கூசுகிறது. பந்து பத்து யாரைத் தொட்டதா இல்லையா என்று ஐமிச்சம் வந்தால், நடுவர் கையைக் காட்டுவார். நானும் கண்ணாடிக்காரனும் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு ஓடுவோம். இருபத்திரண்டு பேரும் விலகி நிற்பார்கள். அவ்வளவு பெரிய உடம்புகள், ஒருவன் மூச்சு விடுவதும் கேட்கும். நான் பின்தடியை வைக்கும்வரை ஒன்றும் நடக்காது. மூன்று வருடமாக நான்தான் எல்லாருக்கும் காத்துக்கொண்டிருந்தேன்: கொம்யூன் நகரசபைக்கு, காவல்துறைக்கு, தபால்காரனுக்கு. அந்த அரை நிமிடம் அவர்கள் எனக்குக் காத்துநின்றார்கள். அது உடம்பில் எங்கோ போய் இறங்கியது.

சிரிக்கவும் செய்தேன். மைதானத்துக்குப் பக்கத்தில் மாட்டுப் பட்டி. ஒருமுறை உதைத்த பந்து வேலிக்கு அப்பால் போய், ஒரு மாட்டின் முன்னால் விழுந்தது. எங்கள் தலைவன் ஹெல்மெற், கவசம் எல்லாவற்றோடும் வேலியைத் தாண்டிப் போய், அந்த மாட்டிடம் மிகப் பணிவாகக் கதைத்துக்கொண்டு நின்றான். மாடு அவனைப் பார்த்தது, பந்தைப் பார்த்தது, பந்தின் மேல் சாணி போட்டது. எனக்கு வயிறு நொந்தது. சங்கிலி பிடிப்பவன் சிரிக்கலாமா என்று விதியில் ஒன்றும் இல்லை. சிரித்து முடிந்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன், யாரோ பார்த்துவிட்டது போல.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஞாயிறு பின்னேரம், நான் மனைவியோடு கதைக்கும் நேரம். அவள் வெள்ளவத்தையில் ஒரு ரெலிபோன் கடையில் மகளோடு வந்து மர வாங்கில் இருப்பாள். நான் இங்கே ரெலிபோன் கூண்டில் நாணயங்களை அடுக்கி வைத்துக்கொண்டு எடுப்பேன். அவர்கள் தங்கியிருந்த அறை ஒரு மச்சானின் வீட்டுப் பின்பக்கம். அதற்கு முன் அவர்கள் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எத்தனையோ குடும்பங்களோடு நிலத்தில் படுத்தவர்கள். அவள் அதைப் பற்றிக் கதைக்கமாட்டாள். நான் சாப்பிட்டேனா, குளிரா, ஞாயிறு என்ன செய்தேன் என்று கேட்பாள். சும்மா அறையில்தான் என்பேன். காலில் சேறு காய்ந்துகொண்டிருக்கும்.

எங்கள் அணி எட்டு மட்ச் விளையாடியது. நாலு சொந்த மைதானத்தில், நாலு வெளியூரில். நான் சொந்த மைதானத்துக்கு மட்டும். முதல் ஏழிலும் தோற்றார்கள். ஒன்றில் ஐம்பத்தெட்டுக்குப் பூச்சியம். பயிற்சியாளர் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும், போன கிழமையைவிட இத்தனை யார் கூட ஓடினோம் என்று கூட்டிச் சொல்வார். மாணவர்களுக்கு அது ஒரு பகிடி. எனக்கு அந்த மனிதரைப் பிடித்தது.

எட்டாவது, கடைசி மட்ச், செப்டெம்பர் மாதம், சொந்த மைதானத்தில். அதை வென்றால் வருடத்தின் ஒரே வெற்றி. மட்ச் முடிய இரண்டு நிமிடத்துக்குக் குறைவு. நாங்கள் பதினாலு, அவர்கள் பன்னிரண்டு. பந்து எங்களிடம். நாலாவது முயற்சி. அந்தப் பத்து யாரை முடித்துவிட்டால் பந்து எங்களிடமே இருக்கும். நேரம் ஓடி முடியும். தலைவன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நேரே ஓடினான். அவன் மேல் எல்லாரும் விழுந்தார்கள். ஒரு குவியல். அதற்குள் பந்து எங்கே என்று நடுவர்கள் ஒவ்வோர் ஆளாக இழுத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ரீச்சர் வந்தார்.

அவர் ஓய்வுபெற்ற டெனிஷ் ஆசிரியை, அகதிகளுக்கு உதவும் அமைப்பில் என்னைப் பொறுப்பெடுத்தவர். நாங்கள் எல்லாரும் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். நான் அடிக்கடி அறை மாறியதால், என் விண்ணப்பத்தில் அவருடைய விலாசம்தான் இருந்தது. ஒவ்வொரு வியாழனும் எனக்காகக் கோபன்ஹேகனுக்கு ரெலிபோன் எடுப்பார். அந்த வார இறுதி தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், சனிக்கிழமை வந்த தபால் கீழே கிடந்திருக்கிறது. சைக்கிளில் எங்கள் அறைக்குப் போய், தம்பியிடம் கேட்டு, அங்கிருந்து மைதானத்துக்கு. பார்வையாளர் தாண்டக்கூடாது என்று கட்டியிருந்த கயிற்றுக்குக் கீழே குனிந்து வந்து, எனக்குப் பக்கத்தில் நின்றார். மூச்சு வாங்கியது.

"வருகிறார்கள்," என்றார். "இரண்டு பேரும்."

கையை நீட்டினார், கைலாகு கொடுக்க.

ஒரு டெனிஷ்காரன் என்றால் தடியை இடக்கைக்கு மாற்றி, வலக்கையைக் கொடுத்திருப்பான். எனக்கு அது தோன்றவே இல்லை. பெரியவர் ஒருவர், அதுவும் ஓர் ஆசிரியை, இப்படி ஒரு செய்தியோடு கை நீட்டினால் எங்கள் ஆட்கள் ஒற்றைக் கையைக் கொடுப்பதில்லை. நான் இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்தேன்.

தடி விழுந்தது.

கண்ணாடிக்காரன் அதைக் கண்டான். நடுவர் அளக்கக் கூப்பிட்டதால் நான் தடியை எடுத்துவிட்டேன் என்று நினைத்து, தன் தடியைப் பிடுங்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினான். சங்கிலி இறுகி, புல்லில் கிடந்த என் தடியையும் இழுத்துக்கொண்டு போனது.

நான் இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். மனைவியும் மகளும் வருகிறார்கள் என்று கேட்ட அந்தக் கணத்தில் என் கண் போனது அவர்களிடம் அல்ல. புல்லில் இழுபட்டுப் போகிற தடியிடம். ரீச்சருடைய கையைப் பிடித்தபடி நான் அவருடைய தோளுக்கு மேலால் தடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நான் உணர்ச்சிவசப்பட்டு நிற்கிறேன் என்று நினைத்து, மற்றக் கையால் என் முதுகைத் தடவினார்.

நடுவர் வந்து பின்தடி எங்கே நின்றது என்று கேட்டார். எனக்குத் தெரியும். சரியாகத் தெரியும், வெள்ளைக் கோட்டிலிருந்து என் சப்பாத்து இரண்டு, அதற்குமேல் ஒரு கையளவு. நான் ஒவ்வொரு முறையும் அப்படி அளந்துதான் நிற்பேன். காட்டினேன். உடனே மற்ற அணியின் பயிற்சியாளர், இவர் அவர்களுடைய ஆள், இவர் சொல்வதை எப்படி எடுப்பது என்றார். அவர் சொன்னது சரி. நடுவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தன் ஞாபகத்தில் இருந்த இடத்தில் தடியை வைத்தார். அது அரை யார் முன்னே இருந்தது. சங்கிலியை இழுத்தார்கள். பந்து முன்தடிக்கு ஒரு சாண் குறைவு.

பந்து மற்றவர்களுக்குப் போனது. அவர்கள் கடைசி நொடிகளில் உதைத்து மூன்று புள்ளி எடுத்தார்கள். பதினைந்துக்குப் பதினாலு.

மட்ச் முடிந்ததும் நான் தடியைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றேன். யாராவது வந்து ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அதை விரும்பினேன் என்றும் சொல்லலாம். தலைவன் ஹெல்மெற்றைக் கழற்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். மூக்கில் இரத்தம். ரீச்சர் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"உண்மையா? அவர்கள் வருகிறார்களா?"

ஓம் என்றேன், தமிழில். அவன் என்னைத் தூக்கிவிட்டான். ஐம்பத்தைந்து கிலோ மனிதன், கையில் தடியோடு. மற்றவர்கள் வந்து முதுகில் தட்டினார்கள். ஒருவன் வாயில் பியர் போத்தலை வைத்தான். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். டெனிஷிலும் ஆங்கிலத்திலும் கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை. அடுத்த நாள் பின்னேரம் உடைமாற்றும் அறையைத் துடைக்கப் போனபோதுதான் ஒரு மாணவன் வாங்கில் தனியே இருந்தான். மூன்றாம் வருடம், அடுத்த வருடம் படிப்பு முடிந்து போகிறவன். அழுதிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி, என் குடும்பத்துக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனான். நான் தரையை மூன்று தரம் துடைத்தேன்.

அறையில் தம்பி சொன்னது மட்டும்தான் கொஞ்சம் ஆறுதல்.

"மனிசி இன்னும் பிளேன் ஏறேல்லை மாஸ்டர். அதுக்குள்ளை ஒரு ரீமைத் தோக்கடிச்சுப்போட்டாவே."

நவம்பரில் அவர்கள் வந்தார்கள். என்னிடம் கார் இல்லை. தலைவன் கல்லூரியின் ஒன்பது இருக்கை வானைக் கேட்டு எடுத்துக்கொண்டு, என்னை ஏற்றிக்கொண்டு கோபன்ஹேகன் விமான நிலையத்துக்கு வந்தான். நான் வேண்டாம் என்று நாலு தரம் சொன்னேன். விமான நிலையத்தில் மகள் தாயின் சட்டைக்குப் பின்னால் போய் நின்றாள். மனைவி மெலிந்திருந்தாள். நாங்கள் தொட்டுக்கொள்ளவில்லை, பொது இடம். பயணம் எப்படி என்று கேட்டேன். நல்லது என்றாள்.

அப்போது பெரிய பாலம் இல்லை. வானைக் கப்பலில் ஏற்றி ஒரு மணித்தியாலம் கடல் கடக்க வேண்டும். மேல்தட்டில் கண்ணாடி ஓரத்தில் இருந்தோம். மனைவிக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஊரில் ஒரு கந்தோரில் வேலை செய்தவள். தலைவன் அவளுக்கு மட்ச் கதையைச் சொல்லத் தொடங்கினான். மேசையில் உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் தடிகளாக வைத்து, கடதாசித் துவாயைச் சங்கிலியாக்கி, என் தடி விழுந்ததை நடித்துக் காட்டினான். தோற்றதையே ஒரு வெற்றி போலச் சொன்னான். அவள் சிரித்தாள். அந்த ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். அவன் நல்ல பிள்ளை, எனக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்தான். மாட்டுக் கதையைச் சொன்னான், நான் வயிற்றைப் பிடித்துச் சிரித்ததைச் சொன்னான். மைதானத்தில் எல்லாரையும்விடச் சந்தோசமாக இருந்த மனிதன் உன் கணவன்தான் என்றான்.

பிறகு மகளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்க எழும்பினான். அவள் என்னிடம் வராதவள், அவனுடைய ஒற்றை விரலைப் பிடித்துக்கொண்டு போனாள்.

மனைவி உப்புப் போத்தலை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள்.

"எல்லா ஞாயிறுமோ?"

"இல்லை. இங்கை நடந்ததுக்கு மட்டும். ஏப்ரல் கடைசியிலை ஒண்டு, பிறகு ஜூனிலை…"

"எண்ணாதேங்கோ."

நான் நிறுத்தினேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"ரெலிபோனிலை உங்கடை குரல் அப்பிடிக் கிடந்தது. மனுசன் அங்கை தனிய இருந்து செத்துக்கொண்டிருக்கு எண்டு, ஒவ்வொருமுறையும் கடையாலை வந்து நான் அழுவன். பிள்ளை என்னம்மா எண்டு கேக்கும். அப்பாவுக்குச் சுகமில்லை எண்டு சொல்லுவன்."

அவள் சொன்ன குரல் நான் செய்த குரல். கூண்டுக்குள் போகுமுன் இரண்டு தரம் செருமி, அதைக் கீழே இறக்குவேன். மைதானத்துச் சிரிப்பு அதில் எங்கும் ஒட்டியிருக்கக் கூடாது என்று. அவள் படுகிற பாட்டுக்கு முன்னால் நான் நன்றாக இருப்பது மரியாதையில்லை என்று நினைத்தேன். அவளுக்காகத்தான் என்று நினைத்தேன். அவள் அந்தக் குரலைக் கொண்டுபோய் அழுவாள் என்பதை என் கணக்கில் நான் சேர்க்கவில்லை. பிள்ளைக்கு இத்தனை நாளும் சுகமில்லாத தகப்பனாக இருந்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மகள் என்னிடம் வராமல் நின்றதன் காரணமும்.

ஏதாவது சொல்ல வாய் திறந்தேன். சாரதிகள் கீழே போகவும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தலைவன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். இரும்புப் படிகளில் இறங்கினோம். மனைவி பிள்ளையோடு பின் இருக்கையில் ஏறினாள். நான் முன்னால், அவனுக்குப் பக்கத்தில். கப்பலின் வாய் திறந்து வெளிச்சம் வந்தது.

எல்லாம் நல்லதா என்று தலைவன் கேட்டான்.

ஓம் என்று சொல்ல வேண்டும். எந்தக் குரலில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். முன்னால் நின்ற லொறி நகர்ந்தது. அவன் வானை எடுத்தான்.